கலங்கல் தெருவுக்கு ஒரு கடிதம்

1

கனடாவின் இந்தச் சின்ன ஊரில் நாலைந்து வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குக் 'கலங்கல்' என்ற தமிழ்ச் சொல் தெரியும். மெட்ராஸ் பக்கம் எங்கள் ஊரில் மனை வாங்கி, தளம் போட்டு வீடு கட்டிக் குடியேறிய வரதராஜன் சாருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இந்தக் குறிப்புகள் அதைப் பற்றியவை.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து ஒன்பது வருஷம். வந்த நாளைக் கொண்டாட நாங்கள் எதுவும் செய்வதில்லை, ஏரிக்குப் போவோம், அவ்வளவுதான். ஊரை ஒட்டியே ஏரி. பிப்ரவரியில் அது தண்ணீர் இல்லை, தரை. என் மகள் மீனாவுக்கு ஏழு வயது, இங்கே பிறந்தவள். காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டிமேல் பறக்கிறாள். நான் இன்னும் சறுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. சாணி மெழுகின தரையில் நடப்பதுபோல ஒவ்வொரு அடியாக வைத்து அவள் பின்னால் போவேன்.

ஏரியின் கிழக்குக் கோடியில் ஒரு தாழ்ந்த கல் சுவர் இருக்கிறது. கோடையில் மிச்சத் தண்ணீர் அதைத் தாண்டி வழிந்து ஓடும். குளிர்காலத்திலும் அங்கே அடியில் ஓட்டம் நிற்காது, அதனால் பனிக்கட்டி மெல்லிசாக இருக்கும். நகராட்சிக்காரர்கள் சிவப்புக் கொடி நட்டு வைப்பார்கள். போன வருஷம் மீனா அது என்ன என்று கேட்டாள். எனக்கு ஆங்கில வார்த்தை வாயில் வரவில்லை, வந்தது ஊர் வார்த்தைதான். அது கலங்கல், அங்கே போகாதே என்றேன்.

இந்த வருஷம் வந்த நாளன்று அவள் தோழி ஒருத்தி கொடியைத் தாண்டப் போனாள். மீனா "ஸ்டாப், ஸ்டாப், கலங்கல்!" என்று கத்தினாள். அந்தப் பெண் நின்றாள். பின்னால் வந்த இன்னும் மூன்று நான்கு பிள்ளைகளும் 'கேலங்கேல், கேலங்கேல்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்கள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் என் மகள். சாதம் என்று சொல்லக்கூட அலுத்துக்கொள்வாள். அவளிடம் மிச்சம் இருக்கிற தமிழ் இதுவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

யாரோ பெற்ற பிள்ளைகள் ஒரு சொல்லைக் கேட்டு நின்றதைப் பார்த்தேன். இதே சொல்லை ஒரு மனிதரிடம் நான் சொல்லாமல் விட்டதும் ஞாபகம் வந்தது. வேண்டுமென்றேதான் விட்டேன்.

2

எங்கள் ஏரி சேலையூரிலிருந்து கிழக்கே, மேடவாக்கம் போகிற வழியில் உள்ளடங்கி இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் பெயரில் இன்றைக்கு நாலு நகர் இருக்கின்றன, சண்டைக்கு வருவார்கள். என் அண்ணன் செல்வம் என்னைவிட நாலு வயது மூத்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஏரிதான் கடற்கரை, மைதானம், பொழுதுபோக்கு எல்லாம்.

ஐப்பசியில் ஏரி நிரம்பும். கரையின் ஒரு பக்கத்தில் தாழ்வாகக் கருங்கல் கட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் அந்த மட்டம் வந்ததும், கரையை உடைக்காமல் அதன் வழியாக வழிந்து கீழே ஓடைக்குப் போகும். அதுதான் கலங்கல். ஏரி வைத்திருக்கிற எந்த ஊரிலும் குழந்தைக்குத் தெரிகிற வார்த்தை. மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் நேராகக் கலங்கலுக்கு ஓடி, கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வோம். முதுகில் தண்ணீர் விழுகிற வேகத்தில் பேசினால் குரல் நடுங்கும்.

தை மாதம் தண்ணீர் தெளிந்துவிடும். ஏரிக்கு நடுவே ஒரு பனைமரம் இடுப்புவரை தண்ணீரில் நிற்கும். அண்ணன் கரையிலிருந்து அதுவரை நீந்திப் போய், தொட்டுவிட்டு, நிற்காமல் திரும்பி வருவான். நான் வாழைத்தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போவேன். பங்குனியில் தண்ணீர் குட்டை குட்டையாகச் சுருங்கும், பழைய வேட்டியை விரித்துக் கெண்டை பிடிப்போம். சித்திரையில் ஏரி காய்ந்து வெடித்துவிடும், அதற்குள் கிரிக்கெட். பந்து வெடிப்புக்குள் விழுந்தால் இரண்டு ரன் என்று அண்ணன் சட்டம் போட்டிருந்தான். ஓங்கி அடித்தால் பந்து கலங்கலைத் தாண்டிக் கீழே காய்ந்த ஓடையில் போய் விழும். அதற்கு ஆறு.

இங்கேயும் நான் வருஷம் முழுக்க ஏரியில்தான் கிடக்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் காகிதம். மீன் பிடிக்க உரிமம் வாங்கப் போனால் உயரம், கண்ணின் நிறம் எல்லாம் கேட்டார்கள். மீன் என் கண்ணைப் பார்த்துவிட்டா தூண்டிலைக் கடிக்கப் போகிறது? பிடித்த மீனை அளவுகோல் வைத்து அளக்க வேண்டும், குட்டையாக இருந்தால் திருப்பி விட வேண்டும். படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை. செப்டம்பரில் கரை மரங்கள் சிவக்கிறபோது மட்டும் காகிதம் கேட்க மாட்டார்கள், சும்மா நடக்கலாம்.

வந்த முதல் கோடையில், நான் கடைசல் வேலை பார்க்கிற பட்டறையின் மேஸ்திரியிடம், ஞாயிற்றுக்கிழமை ஏரியில் குளிக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நமக்கு நீந்துவதும் குளிப்பதும் ஒன்றுதானே, ஏரியில் இறங்கினாலே குளிப்பதுதான். திங்கட்கிழமை என் கடைசல் இயந்திரத்தின்மேல் ஒரு சோப்புக் கட்டியும் துண்டும் இருந்தன. பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஏரியில் இறங்குவதற்கே நீந்துவது, குளிப்பது என்று தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறவர்களிடம் பார்த்துப் பேச வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தையில் மனிதன் எப்படியும் மாறிப்போவான் என்பது எனக்கு ஏற்கனவே தெரியும்.

என் வண்டிக் கொட்டகையில் இரண்டு தூண்டில் கம்புகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. இன்னொன்று அண்ணனுக்காக வந்த வருஷமே வாங்கியது, இதுவரை தண்ணீரைப் பார்க்காதது. ஒரு தடவையாவது அவனைக் கூப்பிட்டு வந்து இந்த ஏரியில் விட வேண்டும். இக்கரையிலிருந்து அக்கரைக்கு அவன் நீந்துவதைக் கரையில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

3

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி. அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெல்டிங் பட்டறை ஒன்றில் இருந்தான். எனக்குப் பதினேழு வயது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கலங்கலில் இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் காலனிப் பெண்கள் நாலு பேர் குடையோடு கலங்கல் ஓடுவதைப் பார்க்க வந்தார்கள். அதில் ஒருத்தி சுதா. ஒரு பாங்கில் ஆபீசராக இருந்த வரதராஜனின் மகள். காலனி ஏழாம் நம்பர் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பட்டணத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம்.

சுதா பாசிக்கல்லில் கால் வைத்தாள், தண்ணீரோடு போய்விட்டாள். நாங்கள் பார்த்தபோது குடை மட்டும் மேலே வந்தது. அண்ணன் சட்டையோடு குதித்தான். ஓடை வளைகிற இடத்தில் அவள் கை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். மூச்சு இல்லாமல் கிடந்தவளை முதுகில் தட்டி, கன்னத்தில் அறைந்து, வாயிலிருந்து தண்ணீர் வந்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான். தாவணி கிழிந்திருந்தது. தன் ஈரச் சட்டையைக் கழற்றி அவள்மேல் போட்டு, வீடுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டான். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

வரதராஜன் நன்றி சொல்லவில்லை. தெரு பார்த்ததுதான் அவர் கண்ணில் பட்டது. மகள் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது, ஊர்ப் பையன் ஒருவன் வெற்று உடம்போடு வாசலில் நின்றான். மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு பெட்டிஷன் எழுதிக் கொடுத்தார். 'என் மகளைக் கையைப் பிடித்து இழுத்தான்' என்று.

ஒரு பொய்யும் இல்லை. கையைப் பிடித்துத்தான் இழுத்தான். 'தண்ணீரிலிருந்து' என்கிற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். தமிழில் அந்தச் சொல் இல்லாமல் அந்த வாக்கியத்தைப் படிக்கிற எவனுக்கும் ஒரே அர்த்தம்தான்.

அண்ணனைப் பட்டறையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். முடியை ஒட்ட வெட்டி, ஜட்டியோடு உட்காரவைத்து, மறுநாள் மத்தியானம் விட்டார்கள். அப்பா போய்க் காலில் விழுந்ததால் கேஸ் போடவில்லை, பெயரை மட்டும் எழுதிவைத்துக்கொண்டார்கள். சுதா வாயைத் திறக்கவில்லை. பதினாறு வயதுப் பெண், வீட்டில் பூட்டிவைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அந்த வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைக்கூட வெறுத்தேன்.

அண்ணன் அதற்கப்புறம் ஏரியில் இறங்கவில்லை. தை மாதம் தண்ணீர் தெளிந்தது, பனைமரம் அப்படியே நின்றது. நான் கூப்பிட்டதற்கு, "நீ போடா, எனுக்கு வேல கீது" என்றான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

4

இரண்டு வருஷம் கழித்து அவனுக்குத் துபாயில் வெல்டர் வேலை வந்தது. வேலை உறுதி, பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி. விண்ணப்பம் விசாரணைக்கு அதே ஸ்டேஷனுக்குப் போயிற்று. பேரேட்டைப் புரட்டிப் பார்த்த ஏட்டு, பொம்பளப் பிள்ளை கையைப் பிடித்து இழுத்தவன் இல்லையா என்றாராம். அண்ணன் அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அதை எழுத்தில் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் போய்க் காலனி ஏழாம் நம்பர் வாசலில் நின்றான், நானும் உடன் நின்றேன். வரதராஜன் கதவைப் பாதி திறந்து, "பழசெல்லாம் கிளறாதீங்கப்பா, பொண்ணுக்கு வரன் பாத்துண்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சாத்தினார். குரலை உயர்த்தவில்லை, திட்டவுமில்லை. அந்த மரியாதைதான் இன்றுவரை எனக்கு எரிகிறது.

துபாய் கைவிட்டுப் போயிற்று. அண்ணன் கேம்ப் ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்தான். என் முறை வந்தபோது அப்பா உஷாராகிவிட்டார். வண்டலூரில் இருந்த மாமா வீட்டு முகவரியைக் கொடுத்து, வேறு ஸ்டேஷன் விசாரணைக்கு வரும்படி பார்த்துக்கொண்டார். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். அண்ணன் வர வேண்டிய விமானத்தில் நான் ஏறி வந்துவிட்டதாகத்தான் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஏரியில் எதை அனுபவித்தாலும் அதில் பாதி அவனுடையது.

5

வந்து நாலு வருஷம் ஆனபோது வரதராஜனிடமிருந்து ஒரு ஏர்மெயில் வந்தது. அப்பாவுக்கு நான் போடுகிற கடிதத்தின் பின்பக்கத்திலிருந்து எங்கள் தெருத் தபால்காரர் முகவரியைக் குறித்துக் கொடுத்தாராம். "அன்புள்ள குமார், என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன்" என்று தொடங்கியிருந்தார். நினைவிருக்கிறதாவது! அவர்தான் மறந்திருந்தார். ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டு மறந்தும் போயிருக்கிறார் என்பது அந்த முதல் வரியிலேயே தெரிந்தது.

ரிட்டயர் ஆகிவிட்டாராம். வாடகை வீடு போதும் என்று மனை பார்க்கிறாராம். மாப்பிள்ளை துபாயில், சுதாவும் பேரக்குழந்தையும் இவர்களோடு இருக்கப் போகிறார்கள். துபாய் என்ற சொல்லை அவர் கையெழுத்தில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் மூன்று வருஷமாக மழை இல்லை. ஏரிக்கரைக்குக் கீழே ஓடையைச் செம்மண் கொட்டி மேவி, மனை போட்டு விற்கிறார்கள் என்று அண்ணன் ஏற்கனவே எழுதியிருந்தான். தரகர் வாயில் உண்மை வராது, உள்ளூர்க்காரர்களைக் கேட்கலாம் என்றால் பாதிப் பேர் தரகராகிவிட்டார்கள், நீங்கள் அந்த மண்ணில் வளர்ந்தவர், இப்போது ஆதாயம் ஏதும் இல்லாதவர், உங்கள் வார்த்தையை நம்பி வாங்குவேன் என்று வரதராஜன் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி.

"தெருவுக்குக் கலங்கல் தெரு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு என் மனைவி தயங்குகிறாள். கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்குமோ?"

அந்த வரியை நான் பல தடவை படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்துவைத்தேன். இந்த மனிதருக்குக் கலங்கல் என்றால் சேறு கலந்த தண்ணீர், அவ்வளவுதான். தன் மகள் விழுந்த இடத்தின் பெயரைக்கூட அவர் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. அந்த மனையில் நின்றுகொண்டு, பெட்டிஷன் எழுதிய அதே கையால் என்னிடம் யோசனை கேட்கிறார்.

ஒரு ஏரிக்கரையில் தண்ணீர் எப்படி என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. மறுநாளே பதில் எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

"சார், அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். சித்திரை வைகாசியில் நாங்கள் கிரிக்கெட் ஆடும்போது ஓங்கி அடித்தால் பந்து அங்கேதான் போய் விழும். இறங்கி எடுத்து வருவோம், காலில் ஈரம் படாது. கிணறு தோண்டினால் பன்னிரண்டு அடியிலேயே ஊற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கலங்கலே வராது. அம்மாவைத் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

இதிலும் ஒரு பொய் இல்லை. அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சொல்லை விட்டால் போதும்.

கிரகப்பிரவேசப் பத்திரிகைகூட எனக்கு அனுப்பினார். அதைக் கொட்டகையில் தூண்டில் கம்புகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி வந்தால் வானொலியில் மெட்ராஸ் மழைச் செய்தி தேடுவது என் வழக்கமாயிற்று. இங்கே மரங்கள் சிவந்து உதிர்கிற காலம் அது. மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரியோரம் நடப்பேன், இலையின் நிறத்தை அவள் சொல்லிக்கொண்டே வருவாள், நான் மனசுக்குள் அங்கே மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பேன். எத்தனை நிம்மதியான நடை என்று என் மனைவி நினைத்தாள். மழை ஒரு வருஷம் ஏமாற்றியது, அடுத்த வருஷமும் ஏமாற்றியது. எனக்கு அவசரம் இல்லை.

6

போன ஐப்பசியில் பெய்தது. மார்கழியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் பேசுகிற மாதிரியேதான் எழுதுவான். ஏரி ரொம்பி, கலங்கல் ஓடி, விடிகிற நேரத்தில் அந்தத் தெருவையே தண்ணீர் எடுத்துக்கொண்டதாம். மண் கொட்டி மேவிய ஓடை, அதன் வழியை அதுவே தேடிக்கொண்டது. வரதராஜன் வீட்டுக்கு மாடிப்படி கிடையாது, அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். உள்ளே நாலு பேரும் சாப்பாட்டு மேசைமேல் நின்றிருக்கிறார்கள்.

இதுவரை படித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். மறைக்கப் போவதில்லை. அந்த மேசையை, அதன்மேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவரை மனசில் பார்த்துப் பார்த்து அனுபவித்தேன். கடிதத்தை மேலே படிக்காமல் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

காப்பாற்றப் போனது அண்ணன். கடைப் பையன்களோடு லாரி டியூபும் கயிறும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பதினைந்து வருஷம் கழித்து அந்தத் தண்ணீரில் மறுபடி இறங்கியிருக்கிறான். முதலில் குழந்தை. கழுத்துவரை தண்ணீரில், தாத்தா இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்ததாம், அஞ்சு வயசு. அதை டியூபில் வைத்துக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் போய், அடுத்து சுதா. அவளுக்கு அவன் கையை நீட்டவில்லை. கயிற்றை வீசி, "இத்தப் புடிச்சிக்கம்மா" என்றிருக்கிறான். அவள் கயிற்றைத் தொடவில்லையாம்.

அண்ணன் எழுதியதை அப்படியே தருகிறேன். "அந்தப் பொண்ணு அவங்கப்பா மூஞ்சியப் பாத்துகினே சொல்லிச்சி குமாரு. அன்னிக்கும் நீங்கதானே அண்ணா கையப் புடிச்சி இழுத்தீங்க, தண்ணிலேர்ந்து. இப்பவும் இழுங்கன்னு. எனுக்கு அது போதும்டா. துபாய்லாம் இன்னா துபாய்."

நான் அழுதேன். பெட்டிஷனில் விட்டுப்போன சொல்லை அந்தப் பெண் திருப்பிப் போட்டுவிட்டாள். கடிதம் அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

நாலு பேரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார்கள். வரதராஜன் இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் காயவைத்தாராம். பத்திரத்தோடு என் கடிதமும் இருந்தது. உங்க தம்பி சொல்லித்தான் வாங்கினேன், அவருக்கும் தெரியாம போச்சு பாவம் என்று அண்ணனிடம் காட்டியிருக்கிறார்.

"கலங்கல்னா இன்னான்னு அந்தாளுக்குத் தெரியாது. உனுக்குத் தெரியும். கலங்கலே வராதுன்னு எழுதிகீற. உன் கையெழுத்துதான், நான் ரெண்டு வாட்டி பாத்தேன். அவரு பாவம்னு சொல்லும்போது நான் தலயக் குனிஞ்சிகினேன். என் பாஸ்போர்ட்டு வந்துட்ச்சி, இந்த வாட்டி ஸ்டேஷன்ல ஒண்ணும் கேக்கல. கனடா வர்றதுக்கு நீ அனுப்பச் சொன்னியே, அந்தப் பேப்பருங்களும் ரெடி. ஆனா நான் வர்ல. மொதல்ல நீ அந்தாளுக்கு லெட்டர் போடு. அப்பறம் உன் ஏரியப் பாக்கலாம்."

7

இரண்டு மாதம் நான் எழுதவில்லை. அண்ணன்மேல் அவ்வளவு கோபம். அவனுக்காகத்தானே செய்தேன்! முடியை வெட்டி உட்காரவைத்தது அவனைத்தானே, என்னை இல்லையே. அவன் மன்னித்துவிட்டால் நானும் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? தொலைபேசியில் கூப்பிட்டால் அண்ணி எடுத்து, அவர் கடையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்காது, அவன் இருமுகிற சத்தம் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பனிக்கட்டியில் துளை போட்டு மீனுக்கு உட்கார்ந்தேன். ஒற்றைத் தூண்டில்தான். பக்கத்தில் அண்ணனுக்கு ஒரு காலி முக்காலி போடுவது என் வழக்கம், இந்தக் குளிர்காலத்தில் போடவில்லை. என் மனைவி, எழுதித் தொலையுங்களேன், ஒரு தாள்தானே என்றாள். வரதராஜனுக்கு நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒருவர் மட்டும் அந்த மேசைமேல் நின்றிருந்தால், இந்தக் குறிப்புகளை எழுதவே மாட்டேன், சிரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன். கழுத்துவரை தண்ணீரில் நின்ற குழந்தையை மட்டும்தான் மனசிலிருந்து விலக்க முடியவில்லை. தூண்டில் துளையைப் பார்த்தால் அது தெரிகிறது. அம்மாவைத் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எழுதினேனே, அந்த அம்மா என்னை என்ன செய்தாள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம்தான் வந்த நாளன்று மீனா கொடிக்குப் பக்கத்தில் கத்தினாள். அவள் கத்தாமல் இருந்திருந்தால் அந்தத் தோழி போயிருப்பாள். அந்தத் தோழி போன வாரம்தான் மீனாவின் பென்சில் பெட்டியை உடைத்திருந்தாள். பழிவாங்க நல்ல சந்தர்ப்பம். ஏழு வயதுக்காரிக்கு அது தோன்றவேயில்லை. வீட்டுக்கு வருகிற வழியில், கலங்கல் என்று சொன்னது சரிதானே என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். சரிதான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது என்றேன். சொல்லிவிட்டு என் வாயை நானே கடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போட எனக்குக் கை வரவில்லை. போட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும், இந்த விஷயத்தில் நானும் வரதராஜனும் இதுவரை பொய் எழுதியதில்லை. இவ்வளவுதான் எழுதினேன்.

"சார், கலங்கல் என்றால் ஏரி நிறைந்ததும் தண்ணீர் வழிந்து போகிற இடம். உங்கள் வீடு அதன் வாயில் இருக்கிறது. நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும், என் கடிதத்தில் அதை விட்டுவிட்டேன். என் அண்ணன் உங்கள் மகளைக் கையைப் பிடித்து இழுத்தது தண்ணீரிலிருந்து. உங்களுக்கும் அன்றைக்கே தெரியும், உங்கள் பெட்டிஷனில் அதை விட்டுவிட்டீர்கள். அடுத்த ஐப்பசிக்குள் வேறு வீடு பாருங்கள். மேட்டில் பாருங்கள். என் அண்ணனைக் கேளுங்கள், அவன் சரியான இடம் சொல்வான்."

தபாலில் போட்டாகிவிட்டது. இதை லெட்டர் என்று அண்ணன் ஒப்புக்கொள்வானா, இதிலும் பழிதானே தெரிகிறது என்று சொல்வானா, தெரியவில்லை. தெரிந்தால் தெரியட்டும். அடுத்த மாதம் இங்கே பனிக்கட்டி உடையும், கல் சுவரைத் தாண்டித் தண்ணீர் வழிய ஆரம்பிக்கும். கிரகப்பிரவேசப் பத்திரிகையைச் சுவரிலிருந்து கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு தூண்டில் கம்புகளையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.